நான்காவது இலக்கு

காலை மணி பதினொன்று இருபது. சமூகப்பணிக் கல்லூரியின் கூட்ட அறையில் பதினான்கு பேர். ஏழாவது நாற்காலியில் களப்பணிப் பேராசிரியை எமல்டா ராயப்பன். முதல்வர் வைரவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடுத்தது இலக்கு நாலு. யாருக்காவது கருத்து இருந்தா சொல்லலாம். இல்லைன்னா ஏத்துக்கிட்டதா எழுதிக்கலாம்” என்றார். பிறகு, மரியாதை விட்டுப்போய்விடக் கூடாதே என்று நினைத்தவர்போல மேஜைக் கோடியைப் பார்த்து, “மொதல்ல நம்ம பங்குதாரர் பேசட்டும். சொல்லுங்கம்மா” என்றார். மேஜைக் கோடியில், மாணவர்கள் களப்பணிக்குப் போகும் மணல்மேடு குடியிருப்பிலிருந்து வந்திருந்த அங்கம்மா உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழில் பங்குதாரர் என்று அச்சடித்திருந்ததைக் காலையில் வாசலிலேயே எமல்டாவிடம் காட்டி, “டீச்சர், எம் பங்குக்கு எந்த மாடியத் தருவீக? கீழ் வீடுன்னா வேணாம், சாக்கட வரும்” என்று கேட்டுச் சிரித்த அதே அங்கம்மா இப்போது ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறப்பதுபோல இருந்தது, திறக்கவில்லை. வைரவன் காத்தார். எல்லாரும் காத்தார்கள். ஏசி எந்திரம் உறுமி அடங்கியது. திரையில் வியூகத் திட்டம், இலக்கு 4 என்று நீல எழுத்து. மாணவர்களின் களப்பணி இனி எட்டு வாரச் சுழற்சியில், ஒரே இடத்தில் இரண்டு ஆண்டு போய்வரும் பழைய முறை கைவிடப்படும், ஒவ்வொரு மாணவரும் பட்டம் பெறுவதற்குள் பத்து இடங்களைப் பார்ப்பார், கல்லூரியின் தரவரிசை உயரும். அந்தப் பழைய முறைதான் எமல்டாவின் இருபத்து நான்கு வருடம். அதற்காகப் பேச மூன்று நிமிடப் பேச்சு ஒன்றை அவள் நேற்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இப்போது பேசலாம். பேசினால் அங்கம்மாவின் முறையைப் பிடுங்கியதாகும். பேசாவிட்டால், யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆலோசகன் நிகில் அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான்மேல் ஆள்காட்டி விரலை வைத்தபடி இருந்தான்.

வியூகம். என்ன சொல் இது, யார் கொண்டுவந்து போட்டார்கள், உள்ளே போனவன் வெளியே வர வழி தெரியாமல் சாகிற சண்டைக்கு வைத்த பெயரை எடுத்துக் கல்லூரிக்கு வைத்திருக்கிறார்கள், இலக்கு என்றால் அம்பு போய்க் குத்துகிற இடம், நாம் யாரைக் குத்தப்போகிறோம் என்று முதல் கூட்டத்தில் பெனாசிர் கேட்டாள், நேற்றுச் சேர்ந்த விரிவுரையாளருக்கு இத்தனை வாயா என்று வைரவன்கூடச் சிரித்தார். இப்போது பெனாசிரும் பேசவில்லை. பேச மாட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே எமல்டாதான். முதலாண்டு வகுப்பின் முதல் மாதத்தில் வேறு எதையும் சொல்லித்தருவதில்லை, இதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வது: எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் நீ பேசாதே. அந்த இடத்தை நிரப்பாதே. உனக்கு வலிக்கிறது என்பதற்காக நிரப்பாதே. தண்ணீர் வேணுமா என்று கேட்காதே, கைக்குட்டையை நீட்டாதே, புரியுது புரியுது என்று தலையாட்டாதே. உள்ளே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அது நடக்கட்டும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் சரியாக எழுதுவார்கள், களத்துக்குப் போய் அரை நிமிடத்தில் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிடுவார்கள். பழக ஆறேழு மாதம் ஆகும். பழகிவிட்டால் விடாது. இந்த அறையில் நிகிலையும் அங்கம்மாவையும் தவிர்த்துப் பன்னிரண்டு பேரும் பழகியவர்கள், கல்யாண வீட்டில் மாமியார் கோபத்தில் பேசாமல் இருந்தால்கூட இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், வைரவனின் மனைவி ஒருமுறை, “எங்க வீட்ல சண்டையே வராது மேடம், நான் கோவிச்சுக்கிட்டா இவர் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பார், எனக்கே சலிச்சுப்போய் சோறு போட்டுருவேன்” என்றாள். அந்த வைரவன்தான் இப்போது அங்கம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் அவசரம் இல்லை, உள்ளங்கை இரண்டும் மேஜைமேல் விரிந்து கிடக்கின்றன. அவருக்கு இந்த இலக்கு நிறைவேற வேண்டும். நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லி இதை முடித்துக்கொள்ளலாம். ஆனாலும் அவரால் முடியவில்லை. பழக்கம் அவரையும் பிடித்து உட்காரவைத்திருக்கிறது. தெருவில் ஏதோ கோயில் விசேஷத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள், ஹலோ ஹலோ என்று ஒரு குரல், பிறகு அதுவும் நின்றது.

அங்கம்மாவின் வீட்டில் அன்றைக்கும் இப்படித்தான். வைகைக் கரையிலிருந்து காலிசெய்து மணல்மேட்டில் கொண்டுவந்து இறக்கிய புதிது, வீடுகளுக்குச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை, எண்ணும் போடவில்லை. அங்கம்மாவின் வீட்டுக்காரர் சோலை வெங்காய மண்டியில் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு நிமிரும்போது அப்படியே சரிந்துவிட்டார், மூட்டை அவர்மேல். டெய்சி என்று ஒரு மாணவி, திண்டுக்கல்காரி, பேச்சை நிறுத்தவே தெரியாத பெண், அவளைத்தான் அந்த வரிசைக்கு அனுப்பியிருந்தது. இரண்டு நாள் போய்விட்டு வந்து, “மேடம், அந்தம்மா என்னப் பாக்கவே மாட்டேங்குது, பூண்டு உரிச்சுக்கிட்டே இருக்கு, நான் வேற வீட்டுக்குப் போறேன்” என்றாள். போகாதே, உட்காரு என்று எமல்டா சொன்னாள். அடுத்த வாரம் எமல்டாவும் கூடப் போய் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரை, கால் ஜில்லென்று இருந்தது. பூண்டுத் தோல் காற்றில் ஓடிப்போய் டெய்சியின் சுடிதாரில் ஒட்டியது, அவள் தட்டிவிடவில்லை, அதைப் பார்த்ததும் எமல்டாவுக்கு இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று தோன்றியது. ஒரு வாரம், இன்னொரு வாரம், தீபாவளி வந்து போனது, எட்டாவது வாரத்தில் அங்கம்மா ஒரு தடவை டெய்சிக்கு ஒரு பிடி பூண்டை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான், நீயும் உரி என்று அர்த்தம், பேச்சில்லை. பதினோராவது வாரத்தில்தான் வாய் திறந்தார். “அவருக்குப் பூண்டு ஆகாது. வாசனையே ஆகாது. அவரு இருக்கறப்ப இந்த வீட்ல பூண்டு உரிச்சதில்ல” என்றார். டெய்சி பேருந்தில் ஒன்றும் பேசாமல் வந்தாள். பெரியார் நிலையத்தில் இறங்கும்போது, “மேடம், அவ்ளோ நாள் அந்தம்மா என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது” என்றாள். அவ்வளவு நாளும் அவர் இல்லை என்பதைத் தன் கைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனுஷி. எமல்டாவின் மூன்று நிமிடப் பேச்சு முழுக்க இதுதான். எட்டு வாரத்தில் ஒரு பிடி பூண்டு நகரும், அதோடு எங்கள் பிள்ளைகள் அடுத்த இடத்துக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். நல்ல பேச்சு. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் தடுமாறினாள். அந்த இரண்டு வாக்கியத்தையும் வெட்டிவிட்டாள்.

ஆனால் பேச்சுக்குரியவர் எதிரில் இருக்கும்போது அவருடைய பூண்டை எடுத்து இந்த மேஜைமேல் பரப்ப எமல்டா யார். அவரிடம் கேட்டாளா. கேட்கவில்லை. அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, வேண்டாம் என்று தள்ளினால் மறுபடி வந்து நிற்கிறது: அங்கம்மா எதையும் யோசிக்காமல் இருந்தால்? நீங்க எட்டு வாரம் வந்தா என்ன, எட்டு நாள் வந்தா என்ன, எங்க பாடு எங்களுக்கு என்று சொல்லிவிட்டால்? இரண்டு வருடம் எங்களுக்குத்தான் தேவைப்பட்டதோ என்னவோ. ஒருவர் வீட்டுப் படியில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது, நெஞ்சு நிமிர்கிறது, அந்தப் பெருமைக்காக ஜனங்கள் வருடக்கணக்கில் எங்களைப் பொறுத்துக்கொண்டிருந்திருந்தால்? ஒரு தரம் மணல்மேட்டில் ஒரு பாட்டி, பெயர் மறந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், “காலேசுப் புள்ளைக வருது, மூஞ்சியச் சோகமா வச்சுக்க, பாவம், அதுகளுக்கு மார்க்கு வேணும்ல.” அன்றைக்குக் கல்லூரி வரும்வரை சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பேசிவிடு. இல்லை, பேசாதே. நிகிலின் விரல் அசைந்தது. அசையவில்லை, நகத்தைத் தடவிக்கொண்டான். அவனுக்கு இது தாங்காது, பாவம். கூட்டத்தில் யாரும் பேசவில்லை என்றால் அவன் ஊரில் இணைய இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். திரையைப் பார்க்கிறான், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், வைரவனைப் பார்க்கிறான், வைரவன் கண்ணை எடுக்கவில்லை. நிகில் மெல்ல விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

அப்போதுதான் எமல்டா அறையை முழுதாகப் பார்த்தாள். யாரும் நெளியவில்லை. யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. வாரத்துக்கு ஐந்து கூட்டம் போட்டு ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைக்கிற இந்த மனிதர்கள், ஊக்கத்தொகைக்கும் விடுப்புக்கும் எழுந்து எழுந்து சண்டை போடுகிறவர்கள், விளிம்புவரை நிறைந்த அண்டா ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கி நிற்பதுபோல, ஒரு சொட்டு சிந்தாமல் அங்கம்மாவின் பேச்சின்மையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். இலக்கு நான்கு நல்லது என்று நம்பியவர்கள் இதில் ஏழெட்டுப் பேர். அவர்களும்தான். மேஜைக் கோடியில் உட்கார்ந்திருக்கும், தங்கள் கட்சியைத் தோற்கடித்துவிடக்கூடிய ஒரு வாய்க்கு அவர்கள் இடம் விட்டுக் காத்திருந்தார்கள். இருபத்து நான்கு வருடத்தில் எமல்டா இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, ஏசிக் குளிர் என்று புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள், குளிர் இல்லை. பதினேழு பதினெட்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சிமெண்டுத் தரை இந்த அறை அளவுக்கு விரிந்துவிட்டதுபோல இருந்தது. இதைவிட வியப்பு, அன்றைக்கு அங்கம்மாவின் கதவு திறந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, வகுப்பில்கூட. வீட்டுக்காரர் செத்து ஒரு மாதம் ஆகாத ஒரு பெண், பெயர் தெரியாத இருபத்திரண்டு வயதுப் பெண் வந்து வாசலில் நின்றால், எதற்கு வந்தாய் என்று கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டிருக்கிறாள். எந்தக் கல்லூரியும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் திறக்கிறார்கள். வருடா வருடம் நாற்பது பிள்ளைகள் நாற்பது வாசல்களில் போய் நிற்கிறார்கள், ஏதோ ஒரு கை முறத்தை நகர்த்திவிட்டு உட்காரு என்கிறது. உலகத்தில் இது எப்படி நடக்கிறது. இத்தனை வருடம் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது, அவள் வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கம்மா எழுந்தார். நாற்காலி தரையில் உரசிக் கிறீச்சிட்டது. பேசத்தான் எழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் பேசவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் கோத்து, தலையைக் குனிந்து நின்றார். வைரவனுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. வயதில் பெரிய ஒருவர் எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, அவரும் எழுந்தார். முதல்வர் எழுந்ததால் பெனாசிர் எழுந்தாள். பெனாசிர் எழுந்ததால் மற்றவர்கள். எமல்டா எழும்போது முட்டி சொடுக்கியது. கடைசியாக நிகில், மடிக்கணினியின் மூடியை மூடிவிட்டு எழுந்து, எல்லாரும் குனிவதைப் பார்த்துத் தானும் தலையைக் குனிந்தான். திரை கறுத்தது. பதினான்கு பேரும் எழுந்து நின்று, குனிந்து, மேஜைமேல் இருந்த வடைத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று எமல்டாவுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே அவளுக்குக் கண் கரித்தது. நல்ல காரியமா கெட்ட காரியமா என்று தெரியாத ஒன்றின் நடுவில் நிற்கிறோம் என்று மட்டும் தெரிந்தது. பிறகு அங்கம்மா தலையைத் தூக்காமல், பக்கத்தில் நின்ற பெனாசிரிடம், ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டார்: “யாரும்மா தவறுனது?”

மற்றவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேசச் சொல்லிவிட்டுப் படித்தவர்கள் எல்லாரும் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தால் ஒரு மனுஷி வேறு என்ன நினைப்பாள், யாருக்கோ மௌன அஞ்சலி என்றுதான் நினைத்திருக்கிறார், நாம்தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டோம் என்று பதறி எழுந்திருக்கிறார். பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. எமல்டா, “யாரும் இல்லக்கா. நீங்க பேசுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தோம்” என்றாள். அங்கம்மா நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “அட கெரகமே, இத்தன பேருமா? நாங்கூட யாரோ பெரிய மனுசன்னு நெனச்சு அவருக்காக வேண்டிக்கிட்டேன்.” இப்போது அறையே சிரித்தது, நிகில் காரணம் தெரியாமல் சிரித்தான், வைரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உக்காருங்கம்மா, உக்காந்து சொல்லுங்க” என்றார். அங்கம்மா உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. “எட்டு வாரத்துக்கு ஒரு புள்ள வருமுன்னு இந்தத் தம்பி சொன்னாரு. எனக்கு அதுல ஒண்ணுதான் சாமி. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்தத இதுவரைக்கும் ஒம்பது புள்ளைகளுக்குச் சொல்லியிருக்கேன். ரெண்டு வருசத்துக்கு ஒண்ணு. புதுசா வர்ற புள்ள கேக்கும், கேட்டாத்தான அதுக்குப் படிப்பு, நானும் மொதல்லேர்ந்து சொல்லுவேன். சொல்லும்போது அவரு மறுபடி மூட்டையத் தூக்குவாரு, மறுபடி விழுவாரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கான்னா தாங்கிக்கிறலாம், திதி மாதிரின்னு வச்சுக்கிறேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அந்த மனுசன நான் விழவைக்கணுமா?” குரலில் கோபம் இல்லை. சந்தையில் விலை படியாமல் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். “அம்புட்டுத்தான். வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

எமல்டா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. அவள் அனுப்பிய ஒன்பது பேர். டெய்சிக்குப் பின் எட்டுப் பேர், ஒவ்வொருவரும் பேருந்தில் பேசாமல் திரும்பியதை அவள் ஒரு வெற்றியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு வாரத்தில் வாய் திறக்க மாட்டார்கள் என்றல்லவா அவள் பேசவிருந்தாள். திறப்பார்கள். வந்து கேட்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் திறப்பார்கள், கேட்டாத்தான அதுக்குப் படிப்பு என்று, அதுகளுக்கு மார்க்கு வேண்டுமே என்று, முதலிலிருந்து எடுத்துச் சொல்வார்கள், அதற்கு ஆகும் செலவைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு வருடம் என்பது நாம் அவர்களுக்குச் செய்யும் பெரிய காரியம் என்று நினைத்திருந்தாள். அவர்களால் தாங்கமுடிந்த எல்லை அது. அந்த எல்லையின் ஓரத்தில் இத்தனை காலம் நின்றுகொண்டு, கீழே எவ்வளவு ஆழம் என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மலைப்பாக இருந்தது. மலையடிவாரத்தில் குடியிருந்துவிட்டு ஒருநாள் அண்ணாந்து பார்த்தவள்போல அவள் அங்கம்மாவைப் பார்த்தாள். அங்கம்மா வடையைப் பிட்டு, உள்ளே மிளகு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம்” என்றார் வைரவன். கூட்டத்தில் எப்போதும் மேடம்தான், தனியே இருந்தால் எமல்டாக்கா. “எமல்டாக்கா, நீங்க ஏதோ பேசணும்னீங்களே” என்றார். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மூன்று நிமிடப் பேச்சு தொண்டையில் வரிசையாக நின்றது, பூண்டு, சிமெண்டுத் தரை, பதினோராவது வாரம். “இல்ல சார்” என்றாள். “எனக்குப் பேச ஒண்ணும் இல்ல.” நிகில் கணினியைத் திறந்தான். திரை வெளிச்சமாகிப் பழைய நீல எழுத்து வந்தது. ஏற்கலாமா, வேண்டாமா என்று அவன் வைரவனைப் பார்த்தான். வைரவன் திரையைப் பார்த்தார், அங்கம்மாவைப் பார்த்தார், “அடுத்ததுக்குப் போங்க தம்பி” என்றார். எதை எழுதிக்கொள்வது என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2024ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நிர்வாகக் குழு ஐந்தாண்டு வியூகத் திட்டத்தை விவாதமின்றி ஏற்றது. அச்சான பிரதியில் இலக்கு மூன்றுக்கு அடுத்து இலக்கு ஐந்து இருந்தது.